கற்பிக்கும் முறைக்குப் பெயர் சூட்டல்

(வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற ஆசிரியர் அரங்கில், மாலை வகுப்பு ஆசிரியர் குழுவின் சார்பில் நிகழ்த்தப்பெற்ற உரை)



வெள்ளி விழா நாளில் கட்டடத்தைப் பற்றியும், நிதியைப் பற்றியும், தேர்ச்சி பெற்றோர் எண்ணிக்கையைப் பற்றியும் பேசுவது வழக்கம். அவற்றைச் செயலாளர் அவர்களின் அறிக்கை நன்கு எடுத்துரைத்தது. எங்களுக்கு ஒதுக்கப்பட்ட பொருள் சிறியது போலத் தோன்றுவது. நம் மாலை வகுப்புகளில் நாம் கையாண்டுவரும் கற்பிக்கும் முறைக்கு ஒரு பெயர் வேண்டும். அப்பெயரை ஆய்ந்து பரிந்துரைக்க வேண்டும் என்பதே எங்கள் குழுவுக்கு இடப்பட்ட பணி. அண்டை ஊர்களில் உள்ள நம் மக்கள் இம்முறையைத் தங்கள் ஊரிலும் தொடங்க விரும்புகின்றனர். கையேடு ஒன்று அச்சிட வேண்டியுள்ளது. அட்டையில் என்ன பெயர் போடுவது என்ற வினா எழுந்தபோதுதான், இத்தனை ஆண்டுகளாக நாம் இதனை ‘மாலை வகுப்பு’ என்று பொழுதைக் கொண்டே அழைத்துவந்தோம் என்பது நினைவுக்கு வந்தது.

முறை இன்னதென்பதை நீங்கள் அறிவீர்கள். ஆயினும் விருந்தினர்களுக்காகச் சுருங்கக் கூறுகிறோம். வகுப்பு, ஆசிரியரின் பேச்சோடு தொடங்குவதில்லை. பிள்ளைகள் வயது கலந்து வட்டமாக அமர்கின்றனர். பாடத்திலோ தன் வாழ்விலோ தனக்குப் புரியாத ஒன்றை ஒரு பிள்ளை கேட்கிறது. தெரிந்த பிள்ளை விடை கூறுகிறது. எவருக்கும் தெரியாவிடில் பெரிய பிள்ளைகள் நூலைப் புரட்டியோ, ஊரில் அறிந்தவரை நாடியோ மறுநாள் விடை கொண்டுவருகின்றனர். கிடைத்த விடையைக் கேட்ட பிள்ளை தன் சொற்களில் எழுதி, எல்லாரும் கேட்கப் படிக்கிறது. பிறகே ஆசிரியர் வாய் திறக்கிறார். விடுபட்டதைச் சேர்க்கிறார், பிழைபட்டதைத் திருத்துகிறார், பாடநூலோடு இணைத்துக் காட்டுகிறார். இதற்கு மேல் இதில் மறைபொருள் ஏதும் இல்லை.

இவ்வளவு எளிய முறைக்குப் பெயர் எதற்கு, பெயரா வந்து பாடம் நடத்தப் போகிறது என்று தோழர்கள் சிலர் கேட்டனர். நியாயமான கேள்வியே. பெயர் பாடம் நடத்தாது. ஆனால் பெயர் பிள்ளையை வகுப்புக்குள் அழைக்கும். அல்லது வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். இதனை நம்மைவிட நன்கறிந்த சமுதாயம் வேறு இருக்க முடியாது.

நம் முன்னோர் சேர்க்கப்பட்ட பள்ளிகளின் பெயர்களையே எண்ணிப் பாருங்கள். 1894-இல் கர்னல் ஆல்காட் சென்னை அடையாற்றில் நம் பிள்ளைகளுக்கென இலவசப் பள்ளியைத் தொடங்கினார். அது பேருதவி; அதனை நாம் என்றும் மறவோம். ஆயினும் அவ்வரிசையில் வந்த பள்ளிகள் ‘பஞ்சமர் பள்ளி’ என்றே வழங்கப்பட்டன. பின்னர்த் தொழிலாளர் துறையின் கீழ் வந்தவை ‘லேபர் பள்ளி’ ஆயின. 1922-இல் எம்.சி. ராஜா அவர்கள் சென்னைச் சட்டசபையில் முயன்றதன் பயனாகவே, இழிவாகக் கருதப்பட்ட பழைய சொற்கள் அரசு ஆவணங்களிலிருந்து நீங்கி ‘ஆதி திராவிடர்’ என்ற பெயர் வந்தது. அப்பெருமகனார் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவர். சேர்க்கைப் பதிவேட்டில் ஒரு பிள்ளையின் பெயருக்கு எதிரே எழுதப்படும் சொல் அப்பிள்ளையின் தலையை நிமிர்த்தவோ குனியவைக்கவோ வல்லது என்பதை வகுப்பறையிலேயே கண்டிருப்பார். பெயர் மாறியதனாலேயே பொதுக் கிணறு திறந்துவிடவில்லை. ஆனால் கிணற்றுக்காக எழுதும் விண்ணப்பத்தில் கை கூசாமல் கையொப்பமிட முடிந்தது. நூறாண்டு கடந்து, 2025-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், நலத்துறை விடுதிகள் யாவும் ‘சமூகநீதி விடுதிகள்’ என அழைக்கப்படும் என்று தமிழக அரசு அறிவித்தது. விடுதியில் உணவும் கழிப்பறையும் சீர்பட வேண்டும் என்ற கோரிக்கை அதனால் குறைந்துவிடாது. எனினும், எங்கே தங்கிப் படிக்கிறாய் என்ற கேள்விக்கு நம் பிள்ளை தயக்கமின்றி விடை சொல்ல வழி பிறந்தது.

பள்ளியின் பெயர் இவ்வாறெனில், கற்பிக்கும் முறையின் பெயர் பிள்ளைக்கு இன்னும் நெருக்கமானது. அது நாள்தோறும் வாயில் புழங்குவது. ஆசிரியப் பயிற்சி நூல்களில் ‘குறைதீர் கற்பித்தல்’ என்றொரு தொடர் உண்டு. ‘மெல்லக் கற்போர்’ என்றும் ஒரு தொடர் உண்டு. நூலுக்குள் இவை தீங்கற்ற சொற்கள். ஒரு நிலையைக் குறித்து ஆசிரியர் தமக்குள் பேசிக்கொள்ள அமைந்தவை. அவை நூலைவிட்டு வெளியேறி வகுப்பறைக் கதவில் ஒட்டப்படும்போதுதான் வினை விளைகிறது. நம் பிள்ளைகள் பயின்ற பள்ளி ஒன்றில், பிற்பகல் மணி அடித்ததும் ‘மெல்லக் கற்போர் எழுந்து வாருங்கள்’ என்று அழைத்துத் தனி அறையில் அமர்த்தினர். நல்லெண்ணத்தோடு செய்யப்பட்டதே. ஆனால் ஒரு வாரத்தில் அப்பிள்ளைகளுக்கு ‘மெல்ல’ என்பதே பட்டப்பெயராகிவிட்டது. தெருவில் பந்து விளையாடும் இடத்திலும் அப்பெயர் தொடர்ந்தது. சிறுமி ஒருத்தி அவ்வகுப்புக்குப் போக மறுத்தாள். அவளுடைய தாய் எங்களிடம் வந்து, “எம் பொண்ணுக்கு என்னங்க சார் கொறை?” என்று கேட்டார். கண் பார்வையிலோ காது கேட்பதிலோ குறை கண்டுவிட்டார்களோ என்று அஞ்சியே அந்தத் தாய் வந்திருந்தார். வாசிப்பில் சிறிது பயிற்சி வேண்டும், அவ்வளவே என்று விளக்க எங்களுக்கு அரைமணி நேரம் ஆயிற்று.

இவ்விடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டுகிறோம். ஒரே உண்மையைக் குறையின் பக்கம் நின்றும் சொல்லலாம். வரவின் பக்கம் நின்றும் சொல்லலாம். பெற்றோர் கல்லாதவர் என்பது ஓர் உண்மை. ‘படிப்பறிவில்லாக் குடும்பத்துப் பிள்ளை’ என்று அதனைச் சொன்னால் அது சுமையாகிறது. ‘முதல் தலைமுறைப் பட்டதாரி’ என்று சொன்னாலும் அதே உண்மைதான். ஆனால் 2010 முதல் தமிழ்நாட்டில் அச்சொல்லுக்குச் சான்றிதழும் உண்டு, தொழிற்கல்விக் கட்டணச் சலுகையும் உண்டு. அச்சான்றிதழைப் பெற்று வரும் தந்தையின் முகத்தை நாம் பார்த்திருக்கிறோம். பெயர் பொய் சொல்லவில்லை; உண்மையை எந்தப் பக்கம் நின்று பார்ப்பது என்பதை மாற்றிற்று.

இனி, கல்வி முறைகளுக்கு உலகில் எவ்வாறு பெயர்கள் அமைந்தன, அவற்றால் விளைந்தவை யாவை என்பதைச் சிறிது நோக்குவோம்.

பிள்ளையே பிள்ளைக்குக் கற்பிப்பது நம் நாட்டுத் திண்ணைப் பள்ளிகளில் வழங்கிய முறை. மணலில் விரலால் எழுதிப் பழகும் சிறுவர்களைக் கண்ட ஆண்ட்ரு பெல் என்ற ஆங்கிலத் திருச்சபைப் பாதிரியார், அம்முறையைத் தாம் 1789 முதல் நடத்திவந்த சென்னை எழும்பூர் ஆதரவற்ற சிறுவர் இல்லத்தில் கையாண்டார். 1797-இல் அதனை இங்கிலாந்தில் நூலாக வெளியிட்டார். ‘மதராஸ் முறை’ என்ற பெயரில் அது அந்நாடெங்கும் பரவிற்று. அவர் விட்டுச் சென்ற செல்வத்தால் ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் எழுந்த பள்ளி இன்றும் ‘மதராஸ் கல்லூரி’ என்றே வழங்குகிறது. நம் ஊரின் பெயர் கடல் கடந்தது. மணலில் எழுதக் கற்பித்த வாத்தியாரின் பெயரோ எவருக்கும் தெரியாது. அந்த மணலருகே அமர இடமில்லாதிருந்த நம் பிள்ளைகளைப் பற்றி அப்பெயரில் ஒரு குறிப்பும் இல்லை. ஒரு முறைக்கு ஊர்ப் பெயரைச் சூட்டினால் அது பெருமை தரலாம். அங்கே யார் என்ன செய்கிறார் என்பதை அது சொல்லாது.

ஜெர்மன் நாட்டு ஃபுரோபெல் 1837-இல் சிறு குழந்தைகளுக்கான நிலையம் ஒன்றைத் தொடங்கி, 1840-இல் அதற்குக் ‘கிண்டர்கார்டன்’, அதாவது குழந்தைகளின் தோட்டம், என்று பெயரிட்டார். குழந்தையைச் செடியாகவும் ஆசிரியரைத் தோட்டக்காரராகவும் காட்டும் அழகிய பெயர். அப்பெயர் நம் நாட்டுக்கு வந்தபோது மொழிபெயர்க்கப்படாமல் ‘கே.ஜி.’ என்று குறுகிற்று; கட்டணம் செலுத்த வல்லவர் பிள்ளைகளின் அடையாளமாயிற்று. ஒரே தெருவில் ஒரே வயதுக் குழந்தைகளில் ஒன்று எல்.கே.ஜி., மற்றொன்று பால்வாடி. 2019-இல் தமிழ்நாட்டில் 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளை அரசு தொடங்கியபோது நம் தாய்மார்கள் மகிழ்ந்ததற்குப் பாடத்தைப் போலவே பெயரும் காரணம். அம்மகிழ்ச்சியை நாம் எள்ளி நகையாடக் கூடாது. பூட்டி வைத்திருந்த பெயர் கைக்கு வந்ததில் எழுந்த மகிழ்ச்சி அது.

பெயரால் மறைக்க முடியாதது ஒன்றுண்டு என்பதற்கு நம் மாநில வரலாறே சான்று. 1953-இல் சென்னை மாநிலக் கிராமப்புறங்களில் ஒரு தொடக்கக் கல்வித் திட்டம் நடைமுறைக்கு வந்தது. திருத்தியமைக்கப்பட்ட தொடக்கக் கல்வித் திட்டம் என்பது அரசு அதற்கு இட்ட பெயர். நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் பள்ளி. எஞ்சிய நேரம் பிள்ளைகள் தந்தையின் தொழிலைப் பழக வேண்டும். பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் பிறரும் அதனைக் ‘குலக்கல்வித் திட்டம்’ என்று அழைத்தனர். அந்த ஒற்றைச் சொல் ஊர்தோறும் சென்று சேர்ந்தது. பிணமெரிப்பவன் மகன் பிணமெரிக்கவும், செருப்புத் தைப்பவன் மகன் செருப்புத் தைக்கவும் பிற்பகல்தோறும் பழக வேண்டுமா என்ற கேள்வியை அச்சொல் எழுத்தறியாதவர்க்கும் விளக்கிற்று. அடுத்த ஆண்டு, 1954-இல், காமராசர் ஆட்சியில் அத்திட்டம் கைவிடப்பட்டது. அலுவலகம் இட்ட பெயரை இன்று நூலில் தேடிப் படிக்க வேண்டியிருக்கிறது. மக்கள் இட்ட பெயர் நிலைத்துவிட்டது. முறை பழுதானால் மக்கள் தாமே அதற்குப் பெயர் வைத்துவிடுவார்கள் என்பதை நாமும் நெஞ்சிற் கொள்ள வேண்டும்.

அண்மைக்கால எடுத்துக்காட்டு ஒன்று. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பின்னர் மாநிலமெங்கும் பரவிய ‘செயல்வழிக் கற்றல்’ என்ற பெயர் நற்பெயர் என்பது எங்கள் கருத்து. அது ஓர் ஆளின் பெயரன்று, ஊரின் பெயரன்று. பிள்ளை என்ன செய்கிறது என்பதைச் சொல்வது. அட்டைகளும், ஏணிப் படிகளும், சிறுவர் கைக்கெட்டும் உயரத்தில் கரும்பலகையும், பிள்ளைகளோடு தரையில் அமரும் ஆசிரியரும் அப்பெயருக்குப் பொருள் கொடுத்தனர். 2022-இல் ‘எண்ணும் எழுத்தும்’ வந்தது. பிள்ளைகளின் அடைவு நிலைகளுக்கு அதில் அரும்பு, மொட்டு, மலர் என்று பெயரிட்டனர். மூன்றும் ஒரே செடியில் நிகழ்பவை. அரும்பு மலராகியே தீரும். ‘குறை’ என்னும் சொல் எங்கும் இல்லை. மிக நல்ல எண்ணம். ஆயினும், எந்தக் குழுவில் யார் இருக்கிறார் என்பதைப் பிள்ளைகள் கணக்கிட்டுவிடுவார்கள் என்பதை வகுப்பெடுத்த எவரும் அறிவர். ‘நீ இன்னும் அரும்புதானா’ என்ற கேலி பிறக்க நெடுநேரம் ஆகாது. இனிய பெயர் தரவரிசையின் முனையை மழுக்கும், வரிசையை அழிக்காது. வரிசையை அழிக்க வேண்டுமெனில் அமரும் முறையையே மாற்ற வேண்டும். நம் வகுப்பில் வயது கலந்து வட்டமாக அமர்வது அதனாலேயே.

பெயரையும் அமரும் முறையையும் ஒருசேர மாற்றியவர் பிரேசில் நாட்டுப் பாவுலோ ஃபிரெய்ரே. 1963-இல் அந்நாட்டின் வறண்ட வடகிழக்கில் அங்கிகோஸ் என்ற ஊரில் ஏறத்தாழ 300 உழைப்பாளர்களுக்கு நாற்பது மணி நேர அளவில் எழுத்தறிவித்த முயற்சியில், பள்ளி என்ற சொல்லையே அவர் தவிர்த்தார். ‘பண்பாட்டு வட்டம்’ என்றார். ஆசிரியரை ‘ஒருங்கிணைப்பாளர்’ என்றார். பள்ளி என்றதும் வாய்மூடி அமரும் பழக்கம் அந்த உழைப்பாளர்க்குத் திரும்பிவிடும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். எனவே புதிய பெயர் புதிய நடத்தைக்கு வழிவிட்டது.

ஃபிரெய்ரேவுக்கு முன்னரே நம் அண்ணல் நமக்கொரு வழி காட்டியுள்ளார். 1945-இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவிய டாக்டர் அம்பேத்கர், 1946-இல் பம்பாயில் தொடங்கிய கல்லூரிக்குச் சித்தார்த்தர் பெயரைச் சூட்டினார். 1950-இல் ஔரங்காபாத்தில் தொடங்கிய கல்லூரி ‘மிலிந்த்’ என்ற பெயரைப் பெற்றது. மிலிந்தன் யார்? நாகசேனர் என்ற பிக்குவிடம் அடுக்கடுக்காக வினா எழுப்பி, ஐயம் தீர்ந்த பின்னரே ஒப்புக்கொண்ட கிரேக்க மன்னன். விடை சொன்னவர் நாகசேனர். அவர் பெயர் கல்லூரி அமைந்த வளாகத்துக்கு ஆயிற்று. கல்லூரிக்கோ கேள்வி கேட்டவன் பெயர் அமைந்தது. மாணவன் என்பவன் கேட்பவன் என்ற கருத்தை இதைவிட அழகாகப் பெயர்ப் பலகையில் எழுத முடியுமா?

இவற்றையெல்லாம் எண்ணி, எந்தப் பெயரும் தேற வேண்டிய சோதனைகளாக நான்கினை வகுத்துக்கொண்டோம். முதலாவது, அப்பெயர் பிள்ளை செய்வதைச் சொல்ல வேண்டும்; பிள்ளையிடம் இல்லாததைச் சொல்லலாகாது. இரண்டாவது, குழாயடியில் நிற்கும் தாய், ‘பிள்ளை எங்கே?’ என்ற கேள்விக்கு ஒரே மூச்சில் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். மூன்றாவது, கையேட்டைப் படிக்காத புதிய ஆசிரியருக்கும், நாளை வகுப்பில் முதலில் என்ன செய்ய வேண்டும் என்பதை அப்பெயரே உணர்த்த வேண்டும். நான்காவது, எவரேனும் அப்பெயரைத் திரித்துக் கேலி செய்தால் நம் பிள்ளை அதற்குத் தானே விடை சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். கேலிக்கு இடமே தராத பெயர் உலகில் இல்லை. ‘மெல்ல’ என்ற கேலிக்குப் பிள்ளையிடம் விடை இல்லை என்பதே அப்பெயரின் கொடுமை.

உறுப்பினர்களிடமிருந்தும் பெற்றோரிடமிருந்தும் வந்த பெயர்களை இச்சோதனைகளில் நிறுத்திப் பார்த்தோம். ‘விடியல்’, ‘ஒளிக்கதிர்’ என்பன செவிக்கு இனியவை. ஆனால் அவை தையல் வகுப்புக்கும் பொருந்தும், சேமிப்புக் குழுவுக்கும் பொருந்தும். மேலும் விடியல் என்றால் இதுவரை நம் வீடுகள் இருளில் கிடந்தன என்றாகிறது. எழுத்தறியாத நம் பாட்டிமார் விதை நெல்லைக் காத்த அறிவையும், பறையிசைத்த பாட்டனாரின் தாளக் கணக்கையும் இருள் என்று நாமே எழுதுவது தகாது.

‘அண்ணல் முறை’ என்று பலர் விரும்பினர். அன்பின் மிகுதியால் எழுந்த விருப்பம் அது. அதனை மறுக்க எங்களுக்குத் தயக்கமிருந்தது. ஆனால் மாண்டிசோரி அம்மையாரின் பெயருக்கு நேர்ந்ததை எண்ணிப் பார்த்தோம். 1939-இல் சென்னைக்கு வந்து அடையாற்றில் ஆசிரியர்களைப் பயிற்றுவித்தவர் அவர். அவர் பெயர் இன்று எத்தனையோ பள்ளிகளின் பலகையில் உள்ளது. உள்ளே அம்முறை நடைபெறுகிறதா என்பதைப் பலகை சொல்வதில்லை. நாளை எங்கோ ஓர் ஊரில் பிரம்பைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் ‘அண்ணல் முறை’ நடத்தினால் பழி எவருக்கு? அண்ணலின் படம் சுவரில் இருக்கட்டும். நம் தவறுகளுக்கு அவர் பெயரைப் பிணையாக வைக்க வேண்டாம்.

‘அக்கா அண்ணன் வகுப்பு’ என்ற பெயரைப் பிள்ளைகளே தந்தனர். உறவு மணக்கும் பெயர். ஆனால் கற்பிப்பவர் பெயரே அதில் நிற்கிறது. சிறியவர் என்றும் பெறுபவராகவே இருப்பர். நம் வகுப்பிலோ மூன்றாம் வகுப்புச் சிறுமி எட்டாம் வகுப்பு மாணவனுக்கு விடை சொல்லும் நாள்களும் உண்டு. பழைய திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளை பிரம்பு பிடித்த கதையையும் முதியோர் சிலர் நினைவூட்டினர். ஆங்கிலத்தில் ‘ஸ்மார்ட்’ என்று தொடங்கும் பெயர்களும் வந்தன. கருவியின் பெயரைக் கருவி இல்லாத இடத்தில் சூட்டுவது ஏமாற்று என்பதால் அவற்றை விலக்கினோம்.

நெடுநேரம் வாதிக்கப்பட்ட பெயர் ‘திண்ணை’. இளைஞர் பலரும் அதனை விரும்பினர். எளிய சொல், நிழலும் பேச்சும் நினைவுக்கு வரும் சொல், எழுத்துலகில் மதிப்புப் பெற்ற சொல். அப்போது எங்கள் மூத்த தாயார் ஒருவர் எழுந்து, “திண்ணை யாரு ஊட்டுத் திண்ணைப்பா? எங்க அப்பாரு கூலி வாங்கப் போனா கீழே தெருவுல நிப்பாரு. திண்ணையில அவங்க குந்தியிருப்பாங்க” என்றார். அவையில் சிறிது நேரம் பேச்சில்லை. அத்திண்ணையை நமதாக்கிக்கொள்வதே விடுதலை என்று ஓர் இளைஞர் கூறினார், அதிலும் நியாயமுண்டு. ஆயினும், பெயரைக் கேட்கும்போதெல்லாம் ஒரு பாட்டிக்குத் தன் தந்தை வெயிலில் நின்ற காட்சி தோன்றுமானால், அப்பெயரை அவருடைய பேத்தியின் வகுப்புக்குச் சூட்ட எங்களுக்கு மனம் இசையவில்லை.

இறுதியாக, முறையின் உயிர் எதுவோ அதிலிருந்தே பெயரை எடுப்பது என்று முடிவு செய்தோம். உயிர் எது? கேட்பது. தமிழில் ‘கேள்’ என்ற சொல்லின் வளத்தை எண்ணிப் பாருங்கள். வினவுதலும் கேட்டல், செவி கொடுத்தலும் கேட்டல். திருக்குறளில் கல்வி, கல்லாமை ஆகிய அதிகாரங்களை அடுத்து வைக்கப்பட்டிருப்பது கேள்வி என்ற அதிகாரம். நூல் கற்க இயலாதவரும் செவி வழியே அறிவு பெறலாம் என்ற இடம் அது. இன்னும் ஒன்று: பழந்தமிழில் ‘கேள்’ என்றால் உறவு, கேளிர் என்றால் உறவினர். வினவுவதும், செவி சாய்ப்பதும், உறவாவதும் ஒரே சொல்லில் அடங்கும் மொழி நம்முடையது.

இச்சொல் நமக்கு எவ்வளவு அருமையானது என்பதை வரலாறு சொல்லும். வேதத்தைச் செவியுற்ற சூத்திரனின் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்ற வேண்டும் என்று எழுதி வைத்தது கௌதம தர்ம சூத்திரம். சூத்திரருக்கே அந்த விதியெனில், அவருக்கும் கீழே வைக்கப்பட்ட நமக்கு என்ன? செவியில் கேட்டல் குற்றம். வாயால் கேட்டலும் குற்றம்: கூலியைக் கேட்டால் குற்றம், ஏன் என்று கேட்டால் பெருங்குற்றம். ‘எதிர்த்துக் கேட்கும் அளவுக்கு வந்துவிட்டாயா’ என்ற சொல்லைக் கேளாத குடும்பம் நம்மில் உண்டா? நமக்கு ஏதேனும் நேர்ந்தாலோ, கேட்பாரற்றவர் என்று பெயர். கேட்கவும் உரிமையில்லை, நமக்காகக் கேட்கவும் ஆளில்லை என்ற நிலையிலிருந்து வந்த பிள்ளைகள், நாள்தோறும் மாலையில் கேள்வியோடு தங்கள் பாடத்தைத் தொடங்குகிறார்கள்.

ஆதலால் எங்கள் குழு பரிந்துரைக்கும் பெயர்: ‘கேட்டுப் படிப்போம்’.

‘கேள்வி வகுப்பு’ என்று வைக்கலாகாதா எனில், கேள்வி என்றதும் பிள்ளைக்குக் கேள்வித்தாள் நினைவு வருகிறது. யாரோ தன்னைக் கேட்பது போன்ற அச்சம் வருகிறது. ‘கேட்டு’ என்ற வினையில் கேட்பவர் பிள்ளையே. ‘கற்போம்’ என்னாது ‘படிப்போம்’ என்றது தாய்மார் நாவில் புழங்கும் சொல் அதுவே என்பதால். ‘படி’ என்ற கட்டளையை விடுத்துப் ‘படிப்போம்’ என்றதில் ஆசிரியரும் அடங்குகிறார். நம் வகுப்பில் ஆசிரியரும் மறுநாள் விடை தேடி வருபவரே. இதனைக் கேட்ட புதிய ஆசிரியர், முதலில் பிள்ளையைக் கேட்கவிட வேண்டும் என்பதை உணர்ந்துகொள்வார்.

எதிர்வாதம் ஒன்றையும் மறைக்காது கூறுகிறோம். கேட்டல் என்பதற்கு இரத்தல் என்றும் பொருளுண்டு; ‘கேட்டுப் பிழைப்போம்’ என்று எவரேனும் திரித்துவிட்டால் என்ன செய்வது என்று இளைஞர் ஒருவர் வினவினார். நான்காம் சோதனைக்குரிய வினா. எங்கள் விடை இது: கேட்பது உரிமை என்பதை நம் பிள்ளை சொல்ல முடியும். அறிவைக் கேட்டவர்க்கு இழிவில்லை என்று அரசனாகிய மிலிந்தனைச் சான்று காட்ட முடியும். இன்னும் எளிதாக, ‘நீயும் வந்து கேள்’ என்று அழைக்க முடியும். விடை சொல்ல முடிந்த கேலி பிள்ளையை வளர்க்கும்.

பெயர் ஏற்கப்படுமானால், அதனோடு சில கட்டுப்பாடுகளும் ஏற்கப்பட வேண்டும் என்று வேண்டுகிறோம். இப்பெயரின் கீழ் எந்தப் பிள்ளைக்கும் நிலைப்பெயரோ குழுப்பெயரோ இடலாகாது. ‘வாயை மூடு’ என்ற சொல் ஒலிக்கும் வகுப்பின் வாசலில் இப்பெயரை எழுதலாகாது. ஓர் ஊரில் முறையை முழுப் பருவம் நடத்திப் பார்த்த பின்னரே பலகை எழுத வேண்டும். பலகை முந்திக்கொண்டால் பெயர் வெறும் வண்ணமாகிவிடும். கேள்வி எழாத நாள் ஒன்று வந்தால், அன்று பிள்ளைகளைக் குறை கூறாது, ஏன் எழவில்லை என்று ஆசிரியர் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். மூன்றாண்டுக்குப் பின் இப்பெயரை மீண்டும் அவைக்குக் கொணர வேண்டும். அதற்குள் பிள்ளைகள் தாமாகவே வேறு பெயரால் அழைக்கத் தொடங்கியிருந்தால், அப்பெயரைக் கையேட்டில் ஏற்றிக்கொள்ள வேண்டும். 1953-இன் பாடத்தை நாம் மறவோம்: நிலைக்கும் பெயரை வைப்பவர் மக்கள்.

பெயர் பரிந்துரைக்கும் உரிமையை எங்களுக்கு அளித்தீர்கள். ஏற்பதும் மறுப்பதும் இப்பேரவையின் உரிமை. தாய்மார்கள் முதலில் கருத்துரைக்க வேண்டுகிறோம்; ஏனெனில் நாளை குழாயடியில் இப்பெயரைச் சொல்லப்போகிறவர்கள் நீங்களே. அருள்கூர்ந்து கேளுங்கள், விடை சொல்லக் காத்திருக்கிறோம்.

ஜெய் பீம்.